உலைக்குப் போகலாம், விரலுக்கு வரக்கூடாதா?

வெள்ளிக் காசின் நடுவில் துளை போட்டு, நெருப்பில் வாட்டி, கூம்பாக இறங்கும் எஃகுத் தண்டில் மாட்டித் தட்டித் தட்டி மோதிரமாக்குவது அமெரிக்க வீடுகளில் பலர் பொழுதுபோக்காகச் செய்யும் கைவேலை. ஒரு மேசை, ஒரு சுத்தியல், ஒரு கேஸ் டார்ச் இருந்தால் தொடங்கிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் கப்பலில் கிடந்த கடற்படை வீரர்களுக்கு இவ்வளவுகூட வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக் கரண்டியின் முதுகால் காசின் விளிம்பைத் தட்டியே மோதிரம் செய்து போட்டுக்கொண்டார்கள்.

இந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே கூடவே கண்டனமும் வந்துவிடும். துளை விழுந்த காசு செத்த காசு, மோதிரம் செய்கிறவர் வரலாற்றை அழிக்கிறவர் என்பார்கள் நாணயம் சேகரிப்போர். சேகரிப்பில் நாட்டமில்லாதவர்கள், அரசாங்கக் காசில் கைவைப்பது எந்த நாட்டிலும் குற்றம்தானே என்பார்கள். தமிழ் வீடுகளில் இவற்றோடு லட்சுமியும் சேர்ந்துகொள்வாள். காசைச் சுத்தியலால் அடிக்கலாமா என்று பெரியவர்கள் பதறுவார்கள். மூன்றும் நல்ல மனத்திலிருந்து வரும் எதிர்ப்புகள்தான். ஆனால் இவர்கள் காப்பாற்ற நினைக்கும் காசு எது, அது உண்மையில் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் இந்த எதிர்ப்புகள் நிற்கமாட்டா.

முதலில் காசைப் பார்ப்போம். இந்தக் கைவேலைக்கு மிகவும் விரும்பப்படுவது 1964 வரை அச்சான அமெரிக்கக் கால் டாலர். எடை 6.25 கிராம், விட்டம் 24.3 மில்லிமீட்டர், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, மீதி செம்பு. 1965இல் வந்த நாணயச் சட்டம் பத்து சென்ட்டிலிருந்தும் கால் டாலரிலிருந்தும் வெள்ளியை அடியோடு எடுத்துவிட்டது. அரை டாலரில் மட்டும் நாற்பது விழுக்காடு வெள்ளி 1970 வரை நீடித்தது. ஆகவே 1964 என்ற ஆண்டைத் தாங்கிய கால் டாலர் என்றால் ஏதோ அரும்பொருள் என்று தோன்றும். ஆனால் பிலடெல்பியா, டென்வர் ஆகிய இரண்டு அச்சகங்களிலும் அந்த ஓர் ஆண்டின் பெயரில் அச்சானவை 126 கோடிக்கும் மேல். அதே ஆண்டின் கென்னடி அரை டாலர் ஏறத்தாழ 43 கோடி. கைபட்டுத் தேய்ந்த இந்தக் காசுகளுக்கு நாணயச் சந்தையில் தனி மதிப்பு கிடையாது. அமெரிக்க வியாபாரிகள் இவற்றைக் குப்பை வெள்ளி என்றே அழைக்கிறார்கள். முகமதிப்பில் ஆயிரம் டாலர் சேர்ந்தது ஒரு மூட்டை, அதில் 715 அவுன்ஸ் வெள்ளி என்று கணக்கிட்டு, மூட்டை மூட்டையாகக் கைமாற்றுகிறார்கள். அந்த விற்பனையில் எந்தக் காசின் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை.

அந்த மூட்டைகள் எங்கே போகின்றன? வெள்ளி விலை ஏறினால் உலைக்குப் போகின்றன. 1980 ஜனவரியில், அமெரிக்கச் செல்வந்தர்களான ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் அவுன்ஸ் விலை 50 டாலரைத் தொடும் அளவுக்கு உயர்ந்தது. மக்கள் அலமாரியிலும் உண்டியலிலும் கிடந்த பழைய காசுகளை அள்ளிக்கொண்டு போய்க் கடைகளில் வரிசையில் நின்றார்கள். வாங்கப்பட்டவற்றில் பெருந்தொகை அப்படியே உருக்குச் சாலைக்குப் போனது. ஆண்டு எது, அச்சகக் குறி எது, கழுகு இருக்கிறதா, வாஷிங்டன் இருக்கிறாரா என்று உலை கேட்கவில்லை.

அரசுகளும் இதையேதான் செய்தன. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டவர்களுக்குக் கொடுக்க பிரிட்டிஷ் அரசிடம் வெள்ளி போதவில்லை. அதைத் தீர்க்க அமெரிக்கக் காங்கிரஸ் 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி உருக்கப்பட்ட வெள்ளி டாலர்கள் 27,02,32,722. அவற்றில் 25 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்தியாவின் ரூபாய்த் தேவைக்கு வந்தது. நம் பாட்டன் பூட்டன் இடுப்பு மடியில் முடிந்துவைத்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்கிறது. எந்த ஆண்டின் டாலர், எந்த அச்சகத்தின் டாலர் எத்தனை போயிற்று என்று தனித்தனிக் கணக்குகூட வைக்கவில்லை என்பதால், மோர்கன் என்ற பழைய வெள்ளி டாலர்களில் இன்று எது எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று சேகரிப்போர் இன்னும் ஊகம்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய துறைக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுதான். ஒரு சட்டத்தின் பேரில் 27 கோடி காசுகள் போன இழப்பையும், கொட்டகையில் உட்கார்ந்து மாலைக்கு ஒரு மோதிரம் செய்யும் ஆளையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

மோதிரமாகிவிட்டால் மட்டும் காசு மிஞ்சுகிறதா என்று கேட்கலாம். மிஞ்சுகிறது. எவ்வளவு என்பதைச் செய்முறையைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும்.

காசின் சரியான மையத்தைக் கண்டு, அரை அங்குலத்துக்கும் குறைவான துளையை முதலில் போடுகிறார்கள். மையம் ஒரு மயிரிழை பிசகினாலும் மோதிரம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் போய்விடும். வேலையின் பாதித் திறமை இந்த ஒரு துளையில் இருக்கிறது. அச்சில் அழுந்திய வெள்ளி கல்லாக இறுகியிருக்கும். அப்படியே தட்டினால் விளிம்பு விண்டுவிடும். அதனால் அறையின் விளக்கைக் குறைத்துவிட்டு, டார்ச் அனலைக் காசின் மேல் வட்டமாகச் சுற்றுவார்கள். வெள்ளி முதலில் கறுக்கும், பிறகு அரையிருட்டில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மங்கிய சிவப்பு எழும். ஏறக்குறைய 650 டிகிரி அது. அங்கேயே அனலை எடுத்துவிட வேண்டும். 780 டிகிரியை நெருங்கினால் வெள்ளியும் செம்பும் சேர்ந்த அந்தக் கலவை இளகத் தொடங்கிவிடும். தண்ணீரில் போட்டதும் சீறி அடங்கும் காசு, இப்போது பேச்சுக் கேட்கும் பதத்துக்கு வந்திருக்கும். தண்டில் மாட்டி நைலான் அல்லது தோல் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட, துளையின் ஓரம் விரிந்து கீழே மடியும். தட்டையாக இருந்தது குடைபோல் கவிந்து, பிறகு வளையமாக நிமிரும். தட்டத் தட்ட வெள்ளி மறுபடி இறுகும், மறுபடி அனல் காட்ட வேண்டும். நம் பொற்கொல்லர்கள் தகடு அடிக்கையில் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

முடிவில் கையில் இருப்பதைப் பாருங்கள். காசின் முன்பக்கத்திலிருந்த வாஷிங்டன் முகத்தின் பெரும்பகுதி துளையோடு போய்விட்டது, அது உண்மை. ஆனால் காசின் பின்பக்கம் மோதிரத்தின் வெளிப்பக்கமாகியிருக்கிறது. யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்துகள் விரலைச் சுற்றி ஓடுகின்றன, எதிரே குவார்ட்டர் டாலர் என்பது நிற்கிறது. உட்பக்கத்தில், தோலைத் தொடும் இடத்தில், லிபர்ட்டி என்ற சொல்லும் 1964 என்ற ஆண்டும் அப்படியே. விளிம்பின் கோடுகள்கூட மோதிரத்தின் ஓரத்தில் தெரியும். எந்த நாட்டுக் காசு, என்ன மதிப்பு, எந்த ஆண்டு என்ற மூன்றையும் அந்த மோதிரம் சொல்கிறது. உருகிய வெள்ளிக் கட்டி இவற்றில் எதைச் சொல்லும்?

சேகரிப்போரின் வாதத்தில் இன்னும் ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. அச்சகத்தை விட்டு வெளியே வந்த நிமிடத்தோடு நாணயத்தின் வரலாறு முடிந்துவிடுவதாக அவர்கள் எண்ணுகிறார்கள். அதன் பிறகு மனிதக் கை செய்ததெல்லாம் சேதம். நாணயவியல் அறிஞர்கள் இப்படிப் பார்ப்பதில்லை என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. 1898இல் அங்கே ஒரு புதையலாக 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு. யாரோ வேண்டுமென்றே, ஒவ்வொன்றாக எடுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காசுகள் கெட்டுப்போனவை என்று எந்த அறிஞரும் ஒதுக்கவில்லை. மாறாக, அந்த வெட்டு எதற்காக, இனி இது நாணயமாகச் செல்லாது என்று காட்டவா, தங்கத்தின் தரம் பார்க்கவா என்று நூறாண்டுக்கும் மேலாக விவாதம் நடக்கிறது. தமிழகத்தோடு ரோம் நடத்திய வணிகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தத் தழும்பைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. காசு எப்படிப் புழங்கியது என்பதற்கு அந்தக் கைவேலையே சான்றாகிவிட்டது.

கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இன்னொரு தொகுப்பு இருக்கிறது. பிரிட்டனிலிருந்து கைதிகளாக நாடு கடத்தப்பட்டவர்கள் கப்பல் ஏறுமுன் ஒரு செப்புப் பென்னியை எடுத்து, இரு பக்கமும் தேய்த்து வழவழப்பாக்கி, மனைவிக்கோ தாய்க்கோ காதலிக்கோ நாலு வரி பொறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1797இல் வெளியான கனத்த பென்னி இதற்கு வாகாக இருந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் முகம் முழுவதுமாகத் தேய்ந்துபோன அப்படிப்பட்ட காசுகள் 300க்கும் மேல் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. தேய்க்காத பென்னி எத்தனையோ கிடைக்கும். அருங்காட்சியகம் தேடிப் போனது தேய்த்த பென்னியை.

அமெரிக்கச் சேகரிப்போருக்கோ தங்கள் நாட்டுச் சான்றே போதும். 1913 முதல் 1938 வரை வெளியான எருமை நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசை, வேலை தேடி ரயிலேறி ஊர் ஊராகத் திரிந்த மனிதர்கள் சிற்றுளியால் செதுக்கி, அதிலிருந்த செவ்விந்தியர் முகத்தைத் தாடிக்காரராகவும் தொப்பிக்காரராகவும் மாற்றினார்கள். இந்த ஹோபோ நிக்கல்களுக்கென்றே சேகரிப்போர் சங்கம் இருக்கிறது. கைதேர்ந்தவர் செதுக்கிய நல்ல துண்டு ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏலம் போகிறது. செதுக்காத அதே காசு தேய்ந்த நிலையில் சில டாலர்தான். கை பட்டால் காசு கெட்டது என்று பிறருக்குச் சொல்கிற சந்தை, நல்ல கை பட்ட காசுக்குப் பல நூறு மடங்கு விலை கொடுக்கிறது. சேதமா கலையா என்பதைச் செய்கிறவரின் திறமை தீர்மானிக்கிறது என்பதை அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்த நியாயத்தை மோதிரத்துக்கு மட்டும் மறுக்கக் காரணமில்லை.

லட்சுமியின் பேரில் வரும் தயக்கத்துக்குத் தமிழ்ப் பெண்களின் கழுத்தே பதில். காசைக் கோத்து மார்பில் போட்டதிலிருந்து வந்த நகை காசுமாலை. ராணி தலை போட்ட பவுனுக்கு வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் தொங்கவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. வெனிஸ் நகரத்து டூகட் பொற்காசுகள் தென்னிந்தியக் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும் துளையும் கொக்கியும் பெற்று நகையாயின. வெள்ளி ரூபாயின் கதை இன்னும் நேரடியானது. 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்று தரம் உறுதியாக இருந்ததால், கொலுசும் அரைஞாணும் செய்ய ரூபாயையே எண்ணிக் கொடுத்தார்கள். தட்டானும் அதை உருக்கியே செய்தான். லட்சுமி கோபித்துக்கொண்டதாக எந்த வீட்டிலும் பேச்சில்லை. நகையாக வீட்டிலேயே தங்குகிற காசைத்தான் அவள் வாசம் செய்யும் இடமாக நம் மக்கள் நினைத்தார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, எந்த நாட்டிலும் குற்றம் என்பது சரியில்லை. எங்கேயும் குற்றமில்லை என்று மோதிரம் செய்வோரில் சிலர் சொல்லித் திரிவதும் சரியில்லை. அமெரிக்கச் சட்டத்தில், மத்தியக் குற்றவியல் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 331ஆம் பிரிவு, மோசடி நோக்கத்தோடு காசைச் சிதைப்பதைத்தான் தண்டிக்கிறது. மோதிரத்தைக் கால் டாலர் என்று சொல்லிக் கடையில் நீட்ட யாராலும் முடியாது. உலோக விலை ஏறி, ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை உருக்குவதைத் தடைசெய்து அந்நாட்டுக் கருவூலம் தனி விதி கொண்டுவந்தபோதும், நகைக்காகவும் கேளிக்கைக்காகவும் கல்விக்காகவும் செய்வதற்கு விலக்கு அளித்தே எழுதியது. உலோகத்தை விற்று லாபம் பார்க்கிறவருக்கும் கைவேலைக்காரருக்கும் உள்ள வித்தியாசம் அந்த விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கனடாவில் நிலைமை வேறு. அங்கே புழக்கத்திலுள்ள காசை உரிமமின்றி உருக்கவோ உடைக்கவோ, பணமாக அன்றி வேறு விதமாகப் பயன்படுத்தவோ கூடாது.

இந்தியாவிலும் கதவு மூடியே இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் 12ஆம் பிரிவில் காசை உருக்குவதையும் அழிப்பதையும், செலாவணிக்கு அன்றி வேறு எதற்கும் பயன்படுத்துவதையும் தடுக்கிறது. தண்டனை ஏழாண்டு சிறை வரை போகலாம். அச்சட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, இந்திய ரூபாய்க் காசுகள் வங்காளதேச எல்லையைக் கடந்து சவர பிளேடாக மாறுகின்றன என்று செய்திகள் வந்தன. மூட்டை மூட்டையாக உருக்கும் அப்படிப்பட்ட கூட்டத்தைத் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு மோதிரக்காரர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் என்றாலும் சட்டத்தின் சொற்கள் இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆகவே இந்தியாவில் இருக்கிற ஒருவர் செல்லுபடியாகும் ரூபாய்க் காசில் துளைப்பானை வைக்கவே கூடாது. நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் என்பதால், தாத்தா வைத்துவிட்டுப் போன விக்டோரியா ரூபாயும் இந்த வேலைக்கானதல்ல. அது பெட்டியில் இருக்கட்டும். இந்த எல்லைகளை வைத்துக்கொண்டு கைவேலையையே குற்றம் என்பது வேறு, எல்லைக்குள் நின்று செய்வது வேறு.

உண்மையில் எச்சரிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வரலாறு, சட்டம், தெய்வம் என்று மூன்று திசையில் கத்தும் கண்டனக்காரர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அது உலோகம். 1965க்குப் பிந்தைய கால் டாலரில் நடுவே செம்பு, இருபுறமும் செம்பும் நிக்கலும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்த தகடு. இதில் செய்த மோதிரத்தின் ஓரத்தில் செம்பு தெரியும். வியர்வை பட்டால் விரல் பச்சையாகும். அது கழுவினால் போய்விடும், நிக்கல் ஒவ்வாமை அப்படிப் போகாது. தோலில் அரிப்பும் தடிப்பும் ஒருமுறை வரத் தொடங்கினால் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். தோலைத் தொடும் நகையிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் அரை மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்திருப்பது இதனால்தான். இதைவிட மோசமானது, 1982இல் மாறிய அமெரிக்க ஒரு சென்ட். மேலே மெல்லிய செப்புப் பூச்சு, உள்ளே 97.5 விழுக்காடு துத்தநாகம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும். செம்பு என்று நம்பி டார்ச்சைக் காட்டினால் காசு மேசையில் ஒழுகும், மேலும் சூடேறினால் கிளம்பும் புகையை இழுத்தவருக்குக் காய்ச்சலும் குளிரும் வரும். வீட்டில் செய்யத் தொடங்குகிற இளைஞருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நீ வரலாற்றைக் கொல்கிறாய் என்று விரட்டியடித்தால் அவர் இதைக் கேட்க ஓர் அனுபவசாலியிடம் போகமாட்டார், கையில் கிடைத்த காசை எடுத்து அனலில் பிடிப்பார்.

சேகரிப்போரின் அறிவு இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. 1932இல் டென்வரில் அச்சான கால் டாலர் 4,36,800, சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது 4,08,000. பார்வைக்கு 1964 காசு போலவே இருக்கும் இவை, தேய்ந்திருந்தாலும் வெள்ளி விலையைப்போல் பல மடங்கு பெறும். பின்பக்கத்தில் கழுகின் கீழே உள்ள சின்னஞ்சிறு டி அல்லது எஸ் எழுத்தையும் முன்பக்கத்து ஆண்டையும் உருப்பெருக்கி வைத்துப் படித்துவிட்டுத் துளை போடு என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தால், அவர்கள் அஞ்சுகிற இழப்பு அங்கேயே நின்றுவிடும். வாங்குகிறவருக்கும் அவர்களால் உதவ முடியும். வெள்ளி என்று சொல்லிச் செம்பு நிக்கல் மோதிரத்தை விற்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக் கால் டாலர் 6.25 கிராம், கலப்புக் காசு 5.67 கிராம், முன்னதன் விளிம்பு முழுக்க ஒரே வெண்மை, பின்னதில் செம்புக் கோடு. துளை போடுமுன் காசைத் தராசில் வைத்தும் விளிம்பைத் திருப்பியும் காட்டச் சொல்லி வாங்கலாம். செய்து முடித்த மோதிரமாக இருந்தால் ஓரத்தையும் உட்பக்கத்தில் நிற்கும் ஆண்டையும் பார்க்க வேண்டும். அங்கே 1965 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டு தெரிந்தால், வெள்ளியின் விலையைக் கொடுக்கத் தேவையில்லை.